பொய்த் தண்ணீர்: ஒரு பாய்லர் சிமுலேஷன் கற்றுத்தருவதும் மறைப்பதும்

செம்பனை எண்ணெய் ஆலையில் பயிற்சிப் பொறியாளனாகச் சேர்ந்து எனக்கு அது மூன்றாவது வாரம். இரவு ஷிப்ட். பாய்லருக்குத் தண்ணீர் விடும் ஆட்டோ கண்ட்ரோல் அன்று பழுது, வால்வைக் கையால்தான் திருப்ப வேண்டும். பாய்லர்மேன் அண்ணன் அடுப்புச் சாம்பலைக் கிளறிவிடப் போயிருந்தார். 'கெஜ் கிளாஸ்ல ஒரு கண்ணு வெச்சுக்குங்க தம்பி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கெஜ் கிளாஸ் என்பது பாய்லரில் தண்ணீரும் நீராவியும் இருக்கும் டிரம்மின் ஓரத்தில் உள்ள கண்ணாடிக் குழாய். டிரம்முக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அதில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாதியில் நின்றால் நல்லது. அன்று பாதியில்தான் நின்றது. அந்த நேரம் கீழே ஸ்டெரிலைசர்காரர்கள் பழக்குலைகளை வேகவைக்க நீராவி வால்வைத் திறந்தார்கள். அழுத்தமானியின் முள் சரசரவென்று இறங்கியது. கண்ணாடியில் தண்ணீரோ ஏறியது. முக்கால் அளவைத் தாண்டியதும் மணி அடித்தது. தண்ணீர் நிரம்பி நீராவிக் குழாய்க்குள் போய்விட்டால் டர்பைன் கெட்டுவிடும் என்று படித்திருந்தேன். பாய்ந்து போய் தண்ணீர் வால்வை ஏறக்குறைய முழுதாக அடைத்தேன்.

இரண்டு நிமிடம் இருக்கும். ஸ்டெரிலைசர் வால்வை மூடினார்கள். கண்ணாடியில் இருந்த தண்ணீர் யாரோ உறிஞ்சியது போல அடிக்கு இறங்கியது. இந்தத் தடவை வேறு மணி. அடுப்புக்குக் காற்றூதும் மின்விசிறிகள் தாமாக நின்றன, ஆலையே நின்றது. ஓடி வந்த அண்ணன் திட்டவில்லை. 'பொய்த் தண்ணிக்குப் பயந்து நெசத் தண்ணிய வெட்டிட்டீங்களே தம்பி' என்றார்.

நான்கு வருடப் பொறியியல் படிப்பு சொல்லித்தராததை அந்த ஒரு வாக்கியம் சொன்னது. என்றாலும், ஏன் அது பொய்த் தண்ணீர் என்று அவரிடம் கேட்டபோது, 'அது அப்படித்தான், ஸ்டீம் இழுத்தா பொங்கும்' என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. என்னிடம் சமன்பாடு இருந்தது, கையில் பழக்கம் இல்லை. அவரிடம் பழக்கம் இருந்தது, காரணம் இல்லை. சிமுலேஷன், அதாவது ஓர் இயந்திரம் நடந்துகொள்வதைக் கணக்குகளால் கணினியில் நடத்திக் காட்டுவது, பொறியியல் கல்வியில் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த இடைவெளிதான் நினைவுக்கு வரும். அகராதியில் 'உருவகப்படுத்தல்', 'பாவனையாக்கம்' என்றெல்லாம் இருக்கிறது. எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. சிமுலேஷன்தான்.

முதலில் பொய்த் தண்ணீரின் கதை.

பாய்லர் டிரம்மில் இருப்பது வெறும் தண்ணீர் அல்ல, கொதிக்கும் தண்ணீர். அதற்குள் எந்நேரமும் நீராவிக் குமிழிகள் கிடக்கின்றன. அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். ஸ்டெரிலைசரின் 3 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 143 டிகிரி செல்சியஸ், பாய்லரின் 20 பாரில் 210 டிகிரிக்கு மேல். இப்போது யாரோ நீராவியை வேகமாக இழுக்க, அழுத்தம் 20 பாரிலிருந்து 18 பாருக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கொதிநிலையும் 5 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதும் அந்தக் கணத்தில் தேவைக்கு மேல் சூடாக இருக்கிறது. மிஞ்சிய சூட்டை அது ஆவியாகித்தான் தீர்க்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு டன் தண்ணீரில் ஏறத்தாழ 12 கிலோ ஆவியாகும்.

12 கிலோ என்றால் அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த அழுத்தத்தில் நீராவி தண்ணீரைவிட 80, 90 மடங்கு இடத்தை அடைக்கும். 12 கிலோ நீராவிக்கு ஏறத்தாழ 1.3 கன மீட்டர் இடம் வேண்டும். அது பிறந்த அந்த ஒரு டன் தண்ணீர் அடைக்கும் இடத்தைவிட அது அதிகம். குமிழிகளில் ஒரு பகுதி மேலே வந்து வெளியேறிவிடும். மற்றவை தண்ணீருக்குள்ளேயே ஊதிக்கொண்டு அதைத் தூக்கிவிடும். கண்ணாடியில் மட்டம் ஏறுகிறது, ஆனால் டிரம்மில் இருக்கும் தண்ணீரின் எடை குறைந்துகொண்டுதான் இருக்கிறது. வால்வை மூடினால் அழுத்தம் திரும்பும், குமிழிகள் சுருங்கும், மட்டம் சட்டென்று கீழே போகும். அந்த நேரத்தில் தண்ணீரையும் அடைத்து வைத்திருந்தால் அதன் விளைவை நான் பார்த்துவிட்டேன். அன்று விசிறிகள் தாமாக நின்றது நல்ல நேரம். செம்பனைப் பழத்தின் நாரும் கொட்டை ஓடும் எரியும் அடுப்பை கேஸ் அடுப்பு மாதிரி திருகி அணைக்க முடியாது. தண்ணீரில்லாத குழாய்கள் பழுத்துப் போனால் அடுத்து நடப்பதைப் பற்றிப் பேசவே பயம்.

இதன் மறுபக்கமும் உண்டு. மட்டம் குறைகிறதே என்று குளிர்ந்த தண்ணீரை வேகமாக விட்டால் முதலில் மட்டம் இன்னும் குறையும். குளிர்ந்த தண்ணீர் பட்டுக் குமிழிகள் அடங்கிவிடுகின்றன. இதை வகுப்பில் சொல்லும்போது நான் பொங்கல் பானையைத்தான் காட்டுவேன். பால் பொங்குவது பால் கூடியதால் அல்ல. பொங்கி வழியப் போகும் பாலில் அம்மா ஒரு கை தண்ணீர் தெளிப்பார், தண்ணீர் சேர்ந்தும் மட்டம் இறங்கும். பாலில் ஆடையும் நுரையும் சேர்ந்து வேலை செய்வதால் இயற்பியல் அச்சு அசல் ஒன்றல்ல, ஆனால் மனதில் பிடித்துக்கொள்ள இது போதும். குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு வேறு உதாரணம் சொல்வேன். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லர் இடது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டீரிங்கை முதலில் வலது பக்கம் ஒடிக்க வேண்டும். முதல் அசைவு எதிர்த்திசையில்தான். கட்டுப்பாட்டுப் பொறியியலில் இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. டிராக்டர்காரர்களுக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டதில்லை.

இப்போது நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில். ஊர்க்காரர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த நாட்டில் செம்பனை வணிகப் பயிராக முதலில் நடப்பட்டது இதே வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். அதே ஊரில் இன்று ஒரு பல்கலைக்கழக வளாகமும் இருக்கிறது. அதனால் என் சனிக்கிழமை வகுப்புக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு வகை பொறியியல் படிக்கும் பிள்ளைகள். இன்னொரு வகை ஆலையில் வேலை செய்துகொண்டே பாய்லரை இயக்க உரிமம் தரும் ஸ்டீம் டிக்கெட் பரீட்சைக்குத் தயாராகும் இளைஞர்கள். அறையில் ஒரு புரொஜெக்டர், எல்லோர் கையிலும் கைப்பேசி. ஆய்வுக்கூடம் கிடையாது. கிடைத்தாலும் பாய்லரை வைத்து 'தப்புச் செய்து பாருங்கள்' என்று யாரும் விடப்போவதில்லை.

அதனால் நானே ஒரு சிமுலேஷன் எழுதினேன். மூன்று நெம்புகோல்கள்: நெருப்பு, தண்ணீர், நீராவி வால்வு. இரண்டு காட்டிகள்: அழுத்தமும் நீர்மட்டமும். பார்க்க அழகாகத்தான் வந்தது. ஓய்வு பெற்றுவிட்ட அதே பாய்லர்மேன் அண்ணனைக் கூட்டி வந்து காட்டினேன். நீராவி வால்வைத் தொட்டுத் திறந்தார். மட்டம் ஒழுங்காக, நிதானமாக இறங்கியது. அவர் சிரித்துவிட்டார். 'எங்க தம்பி பொங்குது?'

பொங்கவில்லைதான். நான் எழுதியது இரண்டே கணக்குகள்: உள்ளே வரும் தண்ணீர் கழித்தல் வெளியே போகும் நீராவி, உள்ளே வரும் வெப்பம் கழித்தல் வெளியே போகும் வெப்பம். இரண்டும் சரிதான். கூட்டிக் கழித்தால் ஒரு கிலோகூடப் பிசகாது. ஆனால் குமிழிகள் தண்ணீருக்குள் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதை அந்தக் கணக்கு கேட்கவே இல்லை. வரவு செலவு சரியாகப் போட்ட பொய் அது. அதைப் பார்த்துப் பழகும் பையன், நான் செய்த தப்பை இன்னும் நம்பிக்கையோடு செய்வான்.

இதற்கு விடை ஏற்கனவே இருந்தது. ஸ்வீடனின் கார்ல் யோகான் ஆஸ்ட்ரோமும் ஆஸ்திரேலியாவின் ஆர். டி. பெல்லும் 2000-இல் வெளியிட்ட டிரம் பாய்லர் மாதிரியில் நான்கு மாறிகள்தான் உண்டு: டிரம்மின் அழுத்தம், மொத்தத் தண்ணீரின் கன அளவு, அடுப்பில் சூடேறும் குழாய்களில் நீராவியின் பங்கு, டிரம்மில் நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நீராவியின் கன அளவு. ஸ்வீடனில் 160 மெகாவாட் மின்நிலையம் ஒன்றில் எடுத்த அளவீடுகளோடு அதை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு மாறிகளோடு நின்றால் அழுத்தம் ஓரளவு சரியாக வரும், மட்டம் வராது. கடைசி இரண்டையும் சேர்த்தால்தான் பொங்கும். ஆயிரக்கணக்கான சமன்பாடுகள் தேவையில்லை, நான்கு போதும். ஆனால் எந்த நான்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திருத்திய சிமுலேஷனில் இன்னொன்றும் செய்தேன். திரையைத் தொட்டால் டிரம்மின் குறுக்குவெட்டு தெரியும், உள்ளே குமிழிகள் பெருத்துச் சிறுப்பது தெரியும். பக்கத்தில் தண்ணீரின் உண்மையான எடை எண்ணாக ஓடும். கண்ணாடியில் மட்டம் ஏறுகிறது, அந்த எண் இறங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் கண்முன் நடக்கின்றன. உண்மையான பாய்லரில் 30 வருடம் நின்றவருக்கும் கிடைக்காத காட்சி அது.

வகுப்பில் திரையைப் போடுவதற்கு முன் ஒரு விதி. எல்லோரும் தாளில் எழுத வேண்டும்: வால்வைத் திறந்தால் கண்ணாடியில் மட்டம் ஏறுமா, இறங்குமா? பல்கலைக்கழகப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இறங்கும் என்று எழுதுவார்கள். ஆலைப் பையன்கள் ஏறும் என்று எழுதிவிட்டுக் காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விடுவார்கள். எழுதாமல் நேரே திரையைப் பார்த்தவன் 'ஓ, அப்படியா' என்று போய்விடுவான், ஏனென்றால் அவன் எதையும் பணயம் வைக்கவில்லை. தப்பாக எழுதியவன் திரும்பத் திரும்ப வால்வைத் திறந்து மூடிப் பார்ப்பான். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

திரையில் சிமுலேஷனை வைத்துப் பாடம் நடத்துவது என் கண்டுபிடிப்பு இல்லை. 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் இலவச சிமுலேஷன்களை இன்று கைப்பேசியிலேயே ஓட்டலாம், பலவற்றைத் தமிழிலும். அந்தக் குழுவினர் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் உண்மையான பல்பு, வயர், பேட்டரி வைத்து மின்சுற்று படித்தார்கள். இன்னொரு பிரிவினர் கணினித் திரையில் படித்தார்கள். கடைசியில் எல்லோரிடமும் உண்மையான பல்பையும் வயரையும் கொடுத்துச் சுற்று அமைத்து விளக்கச் சொன்னபோது, திரையில் படித்தவர்களே நன்றாகச் செய்தார்கள். ஆய்வுக்கூடத்து வயரில் எலக்ட்ரான் தெரியாது, திரையில் ஓடுவது தெரியும். இதை வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தையே மூடிவிடலாம் என்று சிலர் பேசுகிறார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மின்சுற்றுக்கு வந்த முடிவு வெல்டிங்குக்கு வராது.

சிமுலேட்டரின் பூர்வீகம் கைத்தொழில்தான். நியூயார்க் மாநிலத்தில் தன் அப்பாவின் ஆர்கன், பியானோ தொழிற்சாலையில் வேலை பார்த்த எட்வின் லிங்க், 1929-இல் ஆர்கனின் துருத்திகளை வைத்தே விமானம் போலச் சாயும் திரும்பும் ஒரு பெட்டியைச் செய்தார். நம் ஆர்மோனியத்தில் காற்றடிக்கும் அதே துருத்தி. முதலில் அதை வாங்கியது கேளிக்கைப் பூங்காக்கள்தான். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் வேலையில் இறங்கி, மோசமான வானிலையில் அடுத்தடுத்து உயிரிழந்த பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது.

சிமுலேட்டர் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஆலையைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது. 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் 2-ஆவது உலையில் ஒரு சிறு கோளாறு, அழுத்தம் ஏறி ஒரு பாதுகாப்பு வால்வு திறந்தது. திறந்தது மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கு வால்வுக்கு 'மூடு' என்ற கட்டளை போனதா என்பதைத்தான் காட்டியது, வால்வு மூடியதா என்பதை அல்ல. உலையின் தண்ணீர் அந்த வழியாக வெளியேறிக்கொண்டே இருந்தது. ஆனால் உலையின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் தனிக் கலத்தின் மட்டக் காட்டியில் தண்ணீர் ஏறியது. உலைக்குள் தண்ணீர் கொதிக்க, பிறந்த நீராவி மிச்சத் தண்ணீரை அங்கே தள்ளியிருந்தது. கலம் முழுக்க நிரம்பிவிடக் கூடாது என்பதே உலையை இயக்கும் பணியாளர்களுக்குத் திரும்பத் திரும்பப் புகட்டப்பட்ட பாடம். அவர்கள் அவசரத் தண்ணீரைக் குறைத்தார்கள்.

முதன்முதலில் இதைப் படித்தபோது என் கை நடுங்கியது. அவர்களும் நான் செய்ததைத்தான் செய்தார்கள், பொய்த் தண்ணீருக்குப் பயந்து நிஜத் தண்ணீரை வெட்டினார்கள். வால்வு திறந்தே கிடப்பதை உணர்ந்து அந்த வழியை அடைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உலையின் எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது பின்னாளில் தெரிந்தது. அந்தப் பணியாளர்கள் சிமுலேட்டரில் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் விபத்தை விசாரித்த கெமெனி ஆணையம், அவர்கள் பயின்ற சிமுலேட்டர் அன்று நேர்ந்த நிலைமையைக் காட்டும்படி நிரல் எழுதப்படாதது என்று பதிவு செய்தது. மட்டம் ஏறினால் தண்ணீர் இருக்கிறது, அதன் உலகம் அவ்வளவுதான். என் முதல் பதிப்பைப் போல.

பயிற்சியைத் தாண்டி, தொழிலில் பொறியாளர்கள் சிமுலேஷனை வைத்து வடிவமைக்கும் இடத்திலும் இதே கதைதான். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில், ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காகத் தண்ணீரில் இறக்கியபோது அதன் சுவர் ஒன்று பிளந்து முழுதும் கடலுக்குள் போனது. உயிர்ச்சேதம் இல்லை. கணினியில் சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போட்டபோது முக்கியமான மூலையில் கட்டங்கள் பெரிதாகவும் கோணலாகவும் இருந்துவிட்டன, வெட்டுத்தகைவு (சுவரைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையின் அளவு) 47 விழுக்காடு குறைவாக வந்தது. பிறகு கட்டங்களைச் சிறிதாக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். நிரலில் குறை இல்லை, அதனிடம் கேட்ட விதத்தில்தான் குறை.

நம் ஆலைகளுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நாட்டில் செம்பனை ஆலைகள் நானூறுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே தொல்லைதான்: ஸ்டெரிலைசர் திறக்கும்போது பாய்லர் ஆடும். மட்டத்தை மட்டும் பார்த்துத் தண்ணீர் விடும் பழைய கண்ட்ரோலர், அன்று இரவு நான் செய்த அதே தப்பைத் தானாகவே செய்யும். வெளியே போகும் நீராவியையும் உள்ளே வரும் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்கும் மூன்று அளவீட்டுக் கட்டுப்பாடு அதற்காகத்தான் வந்தது. அதை மாட்டிச் சரிசெய்யும் டெக்னீஷியன் எண்களை ஓடும் பாய்லரில் மாற்றி மாற்றிச் சோதிப்பதைவிட, முதலில் திரையில் சோதித்துவிட்டு வரலாம். இரண்டு ஸ்டெரிலைசரை ஒரே நேரத்தில் திறந்தால் எவ்வளவு ஆடும், மூன்று நிமிடம் தள்ளித் திறந்தால் எவ்வளவு என்று ஷிப்டை மேற்பார்க்கும் மண்டோரே விளையாடிப் பார்த்து அட்டவணை போடலாம். பெரிய கம்பெனி விற்கும் விலையுயர்ந்த மென்பொருள் வேண்டும் என்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்மாடலிகா என்ற சிமுலேஷன் மென்பொருளும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியும் போதும். போதாதது ஒன்றுதான்: தன் ஆலையின் டிரம் எத்தனை மீட்டர் நீளம், வால்வு முழுதாகத் திறக்க எத்தனை விநாடி என்று போய் அளந்து வரும் ஆள். கடன் வாங்கிய எண்களோடு ஓடும் சிமுலேஷன் வேறு யாருடைய பாய்லரையோதான் காட்டும்.

திருத்திய பதிப்பைப் பார்க்க அண்ணனை மறுபடியும் கூப்பிட்டேன். ஒட்டுக்கடையில் தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்து, கைப்பேசியை நீட்டினேன். வால்வைத் திறந்தார். மட்டம் பொங்கியது. 'ம்ம்' என்றார். மூடினார், விழுந்தது. தண்ணீரை விட்டார், முதலில் இன்னும் கொஞ்சம் இறங்கிப் பிறகு ஏறியது. குறுக்குவெட்டைக் காட்டினேன். குமிழிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். '32 வருசம் இதுக்குள்ள இதான் நடந்துச்சா' என்றார்.

பிறகு கைப்பேசியைக் காதருகே கொண்டுபோனார். 'சத்தம் வரலையே?'

கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்பே அவர் ஸ்டெரிலைசர் வால்வின் சத்தத்தைக் கேட்டுவிடுவாராம். அதைக் கேட்டதும் கை தண்ணீர் வால்வை நோக்கிப் போகும், அடைப்பதற்கு அல்ல, யாரும் அடைத்துவிடாமல் காவல் நிற்பதற்கு. நான்கு மாறிகளில் சத்தம் இல்லை. அடுத்த வாரம் பக்கத்து ஆலைக்குப் போய் அனுமதி வாங்கிக் கைப்பேசியில் பதிவு செய்து, சிமுலேஷனில் சேர்த்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: 'இது ஸ்டீம் உள்ள போற சத்தம் இல்ல தம்பி, வெந்து முடிஞ்சு வெளிய விடற சத்தம்.'

மறுபடியும் போய்ப் பதிவு செய்ய வேண்டும்.